முதலில் வந்த படகு எது?

எங்கள் வீட்டில் சாங்கி வில்லேஜ் என்றால் நாசி லெமாக். தெம்பனிஸிலிருந்து 29ஆம் எண் பேருந்து, முனையத்தில் இறங்கினால் உணவங்காடி நிலையம், வரிசையில் நிற்பது, சாப்பிடுவது, அதே பேருந்தில் வீடு திரும்புவது. இத்தனை ஆண்டுகளாக இதுதான் எங்கள் சாங்கிப் பயணம். கடல் அங்கேயே இருந்தாலும் அதை நின்று பார்த்த நினைவு இல்லை.

சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை மட்டும் சாப்பாட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்துக்கொண்டோம். சாங்கி வில்லேஜ் சாலையில் இருக்கும் ஸ்ரீ ராமர் ஆலயத்தில் கும்பிட்டுவிட்டு, கடலோர மரப்பலகை நடைபாதைக்குப் போனோம். சுமார் இரண்டு கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையின் ஒரு பகுதிக்கே ‘செய்லிங் பாயின்ட் வாக்’ என்று பெயர். பக்கத்தில் சாங்கி செய்லிங் கிளப். பிரிட்டிஷ் படையினரின் படகுச் சங்கமாகத் தொடங்கியது அது. எதிரே புலாவ் உபின், நடுவே பம்போட்டுகள் ஓடும் நீர்வழி, தலைக்கு மேல் தரையிறங்கக் காத்திருக்கும் விமானங்கள்.

நாங்கள் பார்க்கப் போனது பாய்மரப் படகுப் பந்தயம். என் மகள், அதில் ஓடவிருந்த ஒரு பழைய படகில் இருந்தாள். நானும் எட்டு வயது மகனும் கரையில் இருந்தோம்.

பந்தயத்துக்குத் தயாராக நின்ற ஏழு படகுகளைப் பார்த்ததும் மகன் கேட்டான்: “அப்பா, எல்லாம் வேற வேற சைஸா இருக்கே. இது எப்படி ஃபேர்?”

சரியான கேள்வி. அதற்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா கேட்ட கேள்விக்கு நேர் எதிரான கேள்வி.

* * *

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஈஸ்ட் கோஸ்ட்டில் இருந்தோம். பெடோக் ஜெட்டியைத் தாண்டி, சைக்கிள் பாதையில் கிழக்கே போனால் தேசியப் பாய்மரப் படகோட்ட நிலையம் வரும். என் மகளுக்கு அது இரண்டாவது பள்ளிக்கூடம் மாதிரி. உயர்நிலை ஒன்றில் படிக்கிறாள். ஒன்பது வயதிலிருந்து ‘ஆப்டிமிஸ்ட்’ படகு ஓட்டுகிறாள்.

ஆப்டியைப் பார்த்தால் மிதக்கும் குளியல் தொட்டி போல இருக்கும். மூக்கு கூராக இல்லாமல் வெட்டிவிட்டதுபோல் தட்டையாக இருக்கும். 1947இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் கிளார்க் மில்ஸ் என்ற படகு கட்டுபவர், பிள்ளைகள் குறைந்த செலவில் ஒட்டுப்பலகையைக் கொண்டு கட்டிக்கொள்ளட்டும் என்று வடிவமைத்தது. இன்று அது கண்ணாடியிழையில் வருகிறது. நீளம் சுமார் 2.3 மீட்டர். படகின் உடல் 35 கிலோ எடைக்குக் குறையக் கூடாது. பாயின் பரப்பு, சுக்கானின் அளவு எல்லாவற்றுக்கும் விதி உண்டு. ஓட்டுபவருக்கு வயது 15ஐத் தாண்டக் கூடாது. உலகில் எங்கே போனாலும் ஆப்டி என்றால் அதே படகுதான். இப்படி எல்லோரும் ஒரே வகைப் படகில் ஓடுவதை ‘ஒன்-டிசைன்’ பந்தயம் என்கிறார்கள்.

அன்றைய பயிற்சிப் பந்தயத்தில் முப்பது படகுகள். தூரத்திலிருந்து பார்த்தால் முப்பது வெள்ளைக் கொக்குகள் ஒரே பக்கம் சாய்ந்து நிற்பதுபோல இருந்தது. காற்று மிகக் குறைவு. வடகிழக்குப் பருவமழைக் காலம் முடிந்து தென்மேற்குக் காற்று இன்னும் வராத இடைவெளியில் இந்தக் கடல் அப்படித்தான் இருக்கும். மகள் இருபத்தேழாவதாக வந்தாள்.

படகைக் கழுவி வைத்துவிட்டு வந்தவள் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: “எல்லாருக்கும் ஒரே படகுதானேப்பா? அப்போ நான்தானே மோசம்?”

எனக்குப் பதில் வரவில்லை. “அடுத்த தடவை பார்த்துக்கலாம்மா” என்றேன். அது பதில் இல்லை என்று அவளுக்கும் தெரியும்.

* * *

ஒரே படகு என்ற ஏற்பாடு வந்ததே நல்ல எண்ணத்தில்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பாய்மரப் பந்தயம் பணக்காரர் விளையாட்டு. யார் புதிதாக, பெரிதாக, அதிகச் செலவில் படகு கட்டுகிறாரோ அவர் வெல்வார். சென்ற ஆண்டு வென்ற படகு இந்த ஆண்டு பழசாகிவிடும். இதைப் பார்த்து அலுத்துப்போன டப்ளின் படகோட்டிகள் சிலர், தாமஸ் மிடில்டன் என்பவர் சொன்ன யோசனைப்படி, 1887இல் ஒரே வரைபடத்தில் சிறிய படகுகளைக் கட்டிக்கொண்டார்கள். ‘வாட்டர் வேக்’ என்று அவற்றுக்குப் பெயர். பணப்பையின் கனம் வெற்றியைத் தீர்மானிக்கக் கூடாது, கைத்திறன்தான் தீர்மானிக்க வேண்டும் என்பது அவர்களுடைய நோக்கம். அந்த வகைப் படகுகள் இன்றும் அயர்லாந்தின் டன் லேரி துறைமுகத்தில் பந்தயம் ஓடுகின்றன.

அந்த யோசனையின் பலனை நாம் இங்கேயே பார்த்திருக்கிறோம். 2010இல் முதலாவது இளையர் ஒலிம்பிக் சிங்கப்பூரில் நடந்தபோது, பாய்மரப் போட்டிகள் இதே ஈஸ்ட் கோஸ்ட் கடலில் நடந்தன. படகோட்டிய பையன்கள் எல்லோரும் ‘பைட்’ என்ற ஒரே வகைப் படகில் ஓடினார்கள். தங்கம் வாங்கியவர் அமெரிக்க வர்ஜின் தீவுகளைச் சேர்ந்த இயன் பாரோஸ். நம் தெம்பனிஸ் நகரின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத தீவுகள் அவை. படகுக்குப் படகு செலவழிக்கும் போட்டியாக இருந்திருந்தால் பெரிய நாடுகளுக்கு முன்னால் அவருக்கு வாய்ப்பு குறைவு.

ஆனால் இதற்கு ஒரு மறுபக்கம் உண்டு. படகைக் குறை சொல்ல முடியாது. தோற்றால் தோற்றதுதான். முப்பது பிள்ளைகளில் இருபத்தேழாவதாக வந்த பிள்ளைக்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. தேர்வுத்தாள் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று சொல்லி வளர்க்கப்படும் பிள்ளைகளுக்கு இது எப்படி வலிக்கும் என்று நம் வீடுகளில் விளக்க வேண்டியதில்லை.

* * *

எங்கள் புளோக்கில் ஐந்தாவது மாடியில் ஒரு பெரியவர் இருக்கிறார். விமானப் பராமரிப்புத் தொழில்நுட்பராக இருந்து ஓய்வுபெற்றவர். வயது 68. நான் அங்கிள் என்பேன், பிள்ளைகள் தாத்தா என்பார்கள். நண்பர்கள் இருவருடன் சேர்ந்து ஒரு பழைய 24 அடி படகு வைத்திருக்கிறார். மின்தூக்கியில் மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விவரம் கேட்டார். “சனிக்கிழமை என்கூட வாம்மா, எனக்கு முன்பாயைப் பிடிக்க ஓர் ஆள் வேணும்” என்றார். அப்படித்தான் நாங்கள் சாங்கிக்கு வந்தோம்.

மகனின் கேள்விக்கு வருகிறேன். வேறு வேறு அளவுப் படகுகள் ஓடும் பந்தயத்துக்கு ‘ஹேண்டிகேப்’ பந்தயம் என்று பெயர். கிராஞ்சியில் 2024 வரை நடந்த குதிரைப் பந்தயங்களில் நல்ல குதிரையின் மேல் கூடுதல் எடை ஏற்றுவார்கள் அல்லவா? அதே எண்ணம்தான். ஆனால் படகில் எடை ஏற்றுவதில்லை, கணக்கில் ஏற்றுகிறார்கள். ஒவ்வொரு படகுக்கும் ஓர் எண் உண்டு. வேகமான படகுக்குப் பெரிய எண், மெதுவான படகுக்குச் சிறிய எண். எடுத்த நேரத்தை அந்த எண்ணால் பெருக்கினால் ‘திருத்திய நேரம்’ வரும். அது யாருக்குக் குறைவோ அவரே வென்றவர்.

பெரியவரின் படகுக்கு எண் 0.850. அன்று வந்த வெள்ளைநிறப் பெரிய படகுக்கு 1.050. இதை மகனிடம் சொன்னபோது அவன் தலையைச் சொறிந்தான். “அப்போ முதல்ல வர்றவங்க ஜெயிக்க மாட்டாங்களா?”

“ஜெயிக்கலாம், ஜெயிக்காமலும் போகலாம்.”

“அப்போ நாம எதைப் பார்க்கிறது?”

பார்வையாளருக்கு அது நியாயமான குறைதான். ஈஸ்ட் கோஸ்ட்டில் யார் முன்னால் என்பது கண்ணுக்குத் தெரியும். சாங்கியில் கடலில் நடப்பது பாதிதான், மீதி காகிதத்தில்.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதியது. ஏழு படகுகளும் கிழக்கு நோக்கிக் கிளம்பின. வெள்ளைப் படகு முதல் கால்மணி நேரத்திலேயே தனியாகப் போய்விட்டது. எங்கள் பழைய படகு ஐந்தாவதோ ஆறாவதோ. மகளின் ஆரஞ்சு உயிர்காப்பு அங்கி ஒரு புள்ளியாகத் தெரிந்தது.

பார்க்க வேறொன்றும் இல்லாமல் நான் நடைபாதையின் தூண்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உபினுக்கும் சாங்கிக்கும் நடுவே நீரோட்டம் வேகமானது. ஒரு தேங்காய் மட்டை மிதந்து வந்து, தூணில் மோதிச் சுழன்று, கிழக்கே போனது. கொஞ்ச நேரத்தில் வெள்ளைப் படகு மிதவையைச் சுற்றிவிட்டு, மேற்கே கரைக்குத் திரும்பியது. பாய் நிறையக் காற்று இருந்தும் அது நகர்வதாகவே தெரியவில்லை. நீர் அதை எதிர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. ஒருவழியாக 80 நிமிடத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டியது.

அதன்பின் தூணருகே பார்த்தால் நீர் நின்றிருந்தது. இன்னொரு மட்டை ஒரே இடத்தில் ஆடிக்கொண்டிருந்தது. சற்று நேரத்தில் அது மெல்ல மேற்கே நகரத் தொடங்கியது. ஓதம் திரும்பிவிட்டது. அப்போதுதான் எங்கள் படகு மிதவையைச் சுற்றியிருந்தது. வரும் நீரோடு சேர்ந்து வந்தது. எடுத்துக்கொண்ட நேரம் 98 நிமிடம். ஏழில் ஐந்தாவது இடம்.

* * *

கிளப்பில் ஒருவர் கணினியில் கணக்குப் போட, எல்லோரும் தே தாரிக்கை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கைபேசியில் நானே பெருக்கினேன். வெள்ளைப் படகு: 80ஐ 1.050ஆல் பெருக்கினால் 84 நிமிடம். எங்கள் படகு: 98ஐ 0.850ஆல் பெருக்கினால் 83.3 நிமிடம். பதினெட்டு நிமிடம் பின்னால் வந்த படகு 42 விநாடியில் முந்தியிருந்தது.

பட்டியல் வந்தபோது நடுத்தர அளவுப் படகு ஒன்று முதலிடம். நாங்கள் இரண்டாமிடம். வெள்ளைப் படகின் சொந்தக்காரர் வந்து பெரியவரின் முதுகில் தட்டிவிட்டுப் போனார். மகன் குதித்தான். மகள் சிரித்தாள், ஆனால் முழுதாக இல்லை.

“தாத்தா, நாம அஞ்சாவதாத்தானே வந்தோம்?”

அவர் மறுக்கவில்லை. “ஆமாம்மா, தண்ணியில அஞ்சாவதுதான்.”

“அப்போ இந்த ரெண்டாவது நிஜமா?”

பெரியவர் கோப்பையைக் கீழே வைத்தார். “நிஜம்தான். ஆனா முழுக்க நம்மளோடது இல்ல. நாம திரும்புறப்போ நீரும் திரும்பிடுச்சு, பார்த்தியா? அந்த வெள்ளைப் படகு பாவம், வேகமாப் போனதாலேயே எதிர்நீர்ல மாட்டிக்கிச்சு. 0.850ங்கிற எண்ணுக்கு ஓதம் தெரியாது. போன மாசம் இதே ஓதம் எங்களைக் கடைசியில தள்ளுச்சு.”

ஹேண்டிகேப்பின் பலவீனம் அதுதான். படகின் வேகத்தை எண்ணாக்கலாம். அன்றைய காற்றையும் நீரையும் ஆக்க முடியாது. எண் வைப்பதிலேயே சிக்கல் உண்டு. சில முறைகளில் படகை அளந்து எண் தருகிறார்கள். போர்ட் கிள்ளானில் தொடங்கி பங்கோர், பினாங்கு வழியாக லங்காவி போகும் ராஜா மூடா பந்தயத்தில் பெரிய படகுகளுக்கு ஐஆர்சி என்ற அத்தகைய முறை பயன்படுகிறது. அதன் சூத்திரத்தை வெளியே சொல்லவே மாட்டார்கள். காரணம் உண்டு. 1970களில் இருந்த ஐஓஆர் என்ற பழைய விதியின் கணக்கு எல்லோருக்கும் தெரிந்திருந்ததால், அளவெடுக்கும் இடத்தில் மட்டும் புடைப்பு வைத்து, படகு மெதுவானது என்று காகிதத்தில் காட்டும்படி வடிவமைத்தார்கள். சலுகை என்று ஒன்று இருந்தால் அதற்கேற்பத் தன்னை வளைத்துக்கொள்பவர்களும் இருப்பார்கள்.

இன்னொரு முறை பிரிட்டனின் போர்ட்ஸ்மத் கணக்கு. கிளப்புகள் அனுப்பும் பந்தய முடிவுகளை வைத்து, எந்த வகைப் படகு சராசரியாக எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்து எண் தருகிறார்கள். அங்கே மெதுவான படகுக்குத்தான் பெரிய எண். எடுத்த நேரத்தை அந்த எண்ணால் வகுப்பார்கள். ஒலிம்பிக்கில் ஓடும் ஐஎல்சிஏ 7 படகுக்குச் சுமார் 1100. ஆப்டிக்கு 1600க்கு மேல். பெரியவர் இதைச் சொன்னதும் மகள் நிமிர்ந்தாள்.

“அதாவது அது 11 நிமிஷம் எடுக்கிற தூரத்துக்கு நான் 16 நிமிஷம் எடுக்கலாமா?”

“அதுக்கும் மேலேயே எடுக்கலாம். யாரும் உன்னைக் குறை சொல்ல மாட்டாங்க.”

* * *

பிறகு அவர்தான் கேட்டார். “உன் பக்கத்துல ஓட்டுற பிள்ளைங்க என்ன உயரம்?”

அவள் தன் தோள்வரை கை காட்டினாள். இந்த ஓராண்டில் அவள் வளர்ந்த வளர்த்தி அப்படி. பள்ளிச் சீருடையே இரண்டு முறை மாற்றினோம்.

“காத்து இல்லாத அன்னிக்கு அந்தக் குட்டிப் படகுல உன் எடையும் அவங்க எடையும் ஒண்ணாம்மா?”

அவள் பதில் சொல்லவில்லை. எனக்கு அப்போதுதான் உறைத்தது. படகு ஒன்றுதான். ஆனால் 35 கிலோ படகில் ஏறி உட்காருபவரின் எடை படகைவிட அதிகம். காற்று குறைந்தால் சிறிய பிள்ளைக்குச் சாதகம். பலத்த காற்றில் கனமான பிள்ளைக்குச் சாதகம். இது போக, புதுப் பாய் வாங்கித் தரும் வீடும் உண்டு, மூன்று ஆண்டுப் பழைய பாயை வைத்து ஓட்டும் பிள்ளையும் உண்டு. தனிப் பயிற்சியும் உண்டு. விதிப்புத்தகம் படகை மட்டும்தான் சமமாக்கும்.

படகோட்டிகளுக்கு இது தெரியாத விஷயம் இல்லை. ஐஎல்சிஏ படகையே பாருங்கள். 1971இல் ‘லேசர்’ என்ற பெயரில் சந்தைக்கு வந்த அதற்கு ஒரே உடல், ஆனால் மூன்று அளவுப் பாய்கள். எடை குறைந்தவர்களுக்கு 4.7 சதுர மீட்டர், நடுத்தரத்தினருக்கு சுமார் 5.8, கனமானவர்களுக்கு சுமார் 7.1. நடுத்தரப் பாயில் ஓடித்தான் சென்னையின் நேத்ரா குமணன், ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணாக டோக்கியோ சென்றார். உடம்பு வேறு என்பதை ஒப்புக்கொண்டு பாயை மாற்றுகிறார்கள். பாய் ஒன்றான பிறகு, சலுகை இல்லாமல் மோத விடுகிறார்கள்.

இரண்டு வகைப் பந்தயமும் இரண்டு வேறு கேள்விகளைக் கேட்கின்றன என்று எனக்குப் பட்டது. ஈஸ்ட் கோஸ்ட்டில் கேட்பது, இன்று இந்தக் கூட்டத்தில் யார் நன்றாக ஓட்டினார்கள் என்று. சாங்கியில் கேட்பது, கையில் இருப்பதை வைத்துக்கொண்டு யார் அதிகம் செய்தார்கள் என்று. ஒன்றின் விடையை எடுத்து மற்றதற்கு எழுதினால்தான் தப்பு. இருபத்தேழாவது என்ற விடையை வைத்துக்கொண்டு “நான் மோசம்” என்று என் மகள் எழுதிக்கொண்டது அப்படி ஒரு தப்பு. அவளைத் தம்பியோடும், பக்கத்து வீட்டுப் பிள்ளையோடும் ஒரே அளவுகோலில் நிறுத்தி நானும் பலமுறை எழுதியிருக்கிறேன்.

அதற்காக ஒன்-டிசைன் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. “சாங்கி ஜாலியா இருந்துச்சு. ஆனா கணக்குப் போட்டு ஜெயிக்கிறது எனக்குப் பிடிக்கல தாத்தா” என்றாள். பெரியவர் சிரித்தார். “உன் வயசுல எனக்கும் பிடிக்காது. என் வயசுல, என் படகு வயசுல, இது இல்லேன்னா நான் பந்தயமே ஓட முடியாது.”

* * *

பந்தயம் பார்க்க விரும்புவோருக்கு ஒரு வார்த்தை. மரப்பலகை நடைபாதை எல்லோருக்கும் பொது, கட்டணம் இல்லை. கிளப்புக்குள் போக உறுப்பினர் யாராவது அழைக்க வேண்டும். தொப்பி, தண்ணீர், முடிந்தால் ஒரு தொலைநோக்கி கொண்டு போங்கள். போகுமுன் ஓத நேரத்தைப் பார்த்துவிட்டுப் போனால் தூணருகே நின்றே பாதிப் பந்தயம் புரியும். ஈஸ்ட் கோஸ்ட்டில் வார இறுதிகளில் பல நாள் குட்டிப் படகுகளைக் கடற்கரையிலிருந்தே பார்க்கலாம்.

மாலை ஆறரைக்கு நாசி லெமாக் சாப்பிட்டோம். மகள் சம்பலை வழித்துக்கொண்டே, ஐஎல்சிஏ 4 படகை ஓட்டிப் பார்க்கப் பயிற்றுவிப்பாளரிடம் கேட்கலாமா என்றாள். கேட்கலாம், ஆனால் அங்கேயும் முதல் ஆண்டு பின்னால்தான் வருவாய் என்றேன். “தெரியும்” என்றாள்.

பேருந்து முனையம் கண்ணில் பட்டதும் தம்பி வழக்கம்போல ஓட்டப் போட்டிக்குக் கூப்பிட்டான். எப்போதும் அவனை விட்டுவிட்டு ஓடுபவள், அன்று நின்று பத்து வரை எண்ணினாள். அதன் பிறகு ஒரு துளியும் விட்டுக்கொடுக்காமல் ஓடினாள். அவன்தான் முதலில் கம்பத்தைத் தொட்டான், அரை அடி வித்தியாசத்தில். நாலு நாளைக்கு அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். அவள் ஒன்றும் சொல்லவில்லை.

29ஆம் எண் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் என் கைபேசியை வாங்கினாள்.

“ஞாயித்துக்கிழமை காத்து எப்படின்னு பார்க்கிறேன்ப்பா.”